அவித்த மூடி

நகத்தடியில் சிறாம்பு ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இடது கை மோதிர விரலில், நகத்துக்குக் கீழே, மெல்லிய செந்நிறக் கோடு. எங்கள் பாடசாலையின் மேசைகள் பழையவை. கையை வைத்தால் சிறாம்பு ஏறுவது புதிதல்ல. ஊக்கை நெருப்பில் காட்டிக் குடைந்து பார்த்தேன். இரத்தம் வந்தது, சிறாம்பு வரவில்லை. அடுத்த கிழமை (வாரம்) இன்னொரு விரலிலும் அதே கோடு இருந்தது.

அதோடு பின்னேரங்களில் இலேசான காய்ச்சல் வரத் தொடங்கியது. பாடசாலை விட்டு, கண்டி டவுனிலிருந்து மஹய்யாவ மேட்டில் ஏறி வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். நாற்பது வயதுக் கணக்கு டீச்சருக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று என்னை நானே கேலி செய்துகொண்டேன். உடம்பு மெலிந்தபோது சக ஆசிரியைகள், என்ன சாப்பிடுகிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்பாதான் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சராக (மருந்து கொடுத்து, ஊசி போட்டு, காயம் கட்டுபவர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு நானும் அவரும் மட்டும்தான். நகத்தைப் பார்த்தவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு என் மார்பில் காது வைக்காத குறையாகக் குனிந்து, "பாப்பா, நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். என்ன என்று கேட்டேன். "அங்க போய்க் கேட்டுக்கலாம்" என்றார்.

எனக்குச் சிறுவயதில் வாதக் காய்ச்சல் (மூட்டுகள் வீங்கி, பிறகு இதயத்தைத் தாக்கும் காய்ச்சல்) வந்திருந்தது. அதில் என் இதயத்தின் வால்வு (இரத்தம் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் கதவு) ஒன்று கொஞ்சம் பழுதாகியிருந்தது. அதை மறந்தே போயிருந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். அந்தக் காயத்தின் வழியே இரத்தத்தில் இறங்கிய கிருமி, பழுதான வால்வில் போய்க் குடியேறிவிட்டது. நகத்தடியில் நான் கண்டது அங்கிருந்து உடைந்து வந்த துகள்கள் அடைத்ததால் வந்த சின்னஞ்சிறு இரத்தக் கசிவு. நான் ஊக்கால் குடைந்தது என் இதயத்திலிருந்து வந்த செய்தியை.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த வருடங்கள் அவை. போனவர்கள் திரும்பி வராத காலத்தில் இவர் திரும்பி வந்திருந்தார். அது ஏன் என்று யாரும் அவரிடம் கேட்கத் துணிந்ததில்லை.

"வருத்தம் மாறும். ஆனால் குளிசையால மாறாது. கிழமைக்கணக்கில ஒவ்வொரு நாளும் மருந்தை நேரே இரத்தத்துக்குள்ள விட வேணும். ஒரு நாளும் தவற விடக் கூடாது. தவறினால் வால்வு கிழியும், பிறகு கொழும்புக்குப் போய் நெஞ்சைத் திறக்கிற கதைதான்" என்றார். அவர் பேச்சில் வருத்தம் என்றால் நோய், குளிசை என்றால் மாத்திரை.

கொழும்பு என்றதும் அப்பா என்னைப் பார்த்தார். அந்த நாட்களில் எங்களுக்குக் கொழும்பு என்றால் சோதனைச் சாவடிகள், லொட்ஜில் பெயர்ப் பதிவு, ஏன் வந்தாய் எப்போது போவாய் என்ற விசாரணை. இதயத்தைவிட அடையாள அட்டையை அல்லவா முதலில் திறந்து காட்ட வேண்டும்.

முதல் நாட்களில் கையில் கெனுலா (நாளத்துக்குள் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய்) போட்டார்கள். சில நாட்களில் அந்த இடம் வீங்கும். வேறு இடம் தேடுவார்கள். இரண்டாம் கிழமைக்குள் இரண்டு கைகளிலும் இடமில்லாமல் போனது. அதனால் டொக்டர் மேற்கையின் உட்புறத்து நாளம் வழியாக இதயத்துக்குப் பக்கம்வரை போகும் மெல்லிய நீண்ட குழாய் ஒன்றை வைத்தார். அதன் வெளி முனையில் ஒரு நீல மூடி. இந்தக் கட்டுரையே அந்த மூடியைப் பற்றியதுதான். உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது, அப்படி ஒன்றைப் பொருத்தியிருந்தால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட குழாயின் வாயில் ரப்பர் அடைப்பு இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை ஊசியால் குத்தித்தான் மருந்து ஏற்றுவார்கள். அவசரத்தில் அந்த ஊசி தாதியின் விரலிலும் குத்தும். நோயாளியின் இரத்தத்தில் இருப்பது அவருக்கும் போகும். இந்த மூடிக்கு ஊசி தேவையில்லை. மருந்துக் குழலின் முனையை வைத்துத் திருகினால், உள்ளே இருக்கும் மிருதுவான சிலிக்கோன் அடைப்பு அமுங்கி வழி விடும். எடுத்தால் பழையபடி எழும்பி வாயை மூடிக்கொள்ளும். கெட்டிக்காரச் சாமான். ஆனால் அதற்கு ஒரு பத்தியம் உண்டு. ஒவ்வொரு முறையும் திருகுவதற்கு முன் மூடியின் தலையை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காய விட வேண்டும். தேய்க்காமல் திருகினால், தலையில் இருக்கும் அழுக்கை நாமே உள்ளே தள்ளுகிறோம். அங்கிருந்து இதயத்துக்கு ஒரு முழங்கூட இல்லை.

வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே ஒருவர் என்று கிடந்தோம். காய்ச்சல் அடங்கியதும் டொக்டர், இங்கே கிடந்தால் வேறு கிருமி தொற்றும், வீட்டில் வைத்து மருந்து ஏற்ற ஆள் இருக்கிறதா என்று கேட்டார். அப்பா முன்னால் வந்தார். வார்டிலேயே அப்பாவின் கையால் மருந்து ஏற்றச் சொல்லிப் பார்த்தார் டொக்டர். அப்பா கை கழுவியதும், தேய்த்ததும், காற்றுக் குமிழை வெளியேற்றியதும் அவருக்குப் பிடித்துப்போனது. வெளிநாட்டிலிருந்து தன் பெட்டியில் கொண்டுவந்திருந்த மூடிகளில் சிலவற்றை, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், அப்பாவின் கையில் கொடுத்தார்.

"கிழமைக்கு ஒண்டு மாத்துங்கோ ஐயா. பழசை எறிஞ்சிடுங்கோ."

"சரிங்க டாக்டர்" என்றார் அப்பா.

அப்பா 'சரிங்க' என்றால் சரிதான் என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். தோட்டத்தில் அவர் ஊசி போட்ட இடம் சீழ் வைத்ததாக யாரும் சொன்னதில்லை. கண்ணாடி சிரிஞ்சைப் பாகம் பாகமாகக் கழற்றி, சட்டியில் துணி விரித்து, குமிழ் எழும்பக் கொதிக்க வைப்பார். கொதிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும் என்பார். அவிப்பதுதான் அவருக்குக் கோயில் காரியம்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எதிலும் கடைசி ஒன்றைத் தொட மாட்டார். தீப்பெட்டியோ சீனியோ, புதிதாக ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் பழையதை முடிப்பார். கஞ்சத்தனம் என்று நான் சீண்டுவேன். அதன் காரணத்தை ஒரு தடவைதான் சொன்னார். எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் தோட்டத்து லயங்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) நெருப்பு வைத்தார்கள். வெட்டுப்பட்டவர்களையும் தீக்காயம் பட்டவர்களையும் மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். ரோட்டை அடைத்துவிட்டார்கள், கண்டியிலிருந்து எதுவும் வரவில்லை. "மொத நாளே இருந்த மருந்த எல்லாம் அள்ளிக் கொடுத்துட்டேன். மூணாம் நாள் ஒருத்தன் வந்தான். ஒண்ணுமில்ல. வெறும் கையோட அவன் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்." அந்த ஆளின் பெயரை அப்பா சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை, எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. மஹய்யாவவில் சுற்றிவளைப்பு நடந்தது. எங்கள் வீட்டு வரிசையில் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் முழுவதும் டவுனுக்கு இறங்க விடவில்லை. அப்பா அலுமாரியைத் திறந்து, மிச்சமிருந்த மூடிகளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அன்று அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. முட்டை அவிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மூடி மாற்றும் நாள் வந்தது. அப்பா வழக்கம்போலத் தேய்த்து, மாற்றி, மருந்தை ஏற்றினார். இரண்டு நாட்கள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மருந்து ஏறி முடிந்து கொஞ்ச நேரத்தில் நடுக்கம் பிடித்தது. குளிர் என்று சொல்ல முடியாது. பல் கிட்டி, கட்டில் சுவரில் மோதும் அளவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அப்பா இரண்டு கம்பளிகளைப் போர்த்தி மேலே தன் உடம்பையும் சாய்த்தார். பிறகு தெருவில் இறங்கி ஒரு திரீவீலரை மறித்தார். சோதனைச் சாவடியில் என் நடுக்கத்தைப் பார்த்த இராணுவக்காரர் அட்டையைக்கூடக் கேட்காமல் கையைக் காட்டினார்.

மருந்து ஏற்றிய பின் நடுக்கம் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்காதீர்கள். குழாய்க்குள் கிருமி சேர்ந்திருக்கிறது, மருந்து அதை உள்ளே அடித்துத் தள்ளியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. உடனே ஓடுங்கள்.

டொக்டர் வந்து குழாயை உடனே எடுத்தார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு அந்த மூடியைக் கையுறையோடு பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது எப்ப போட்ட மூடி?"

மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"பழசோ இது? ஆர் திருப்பிப் போட்டது?"

எனக்கு அப்போதுதான் அந்தக் கொதிக்கும் சத்தம் நினைவுக்கு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். பொய் சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் நம்பினேன், வெட்கத்தோடு சொல்கிறேன், சொல்லிவிட வேண்டும் என்று விரும்பினேன். டவுனில் தமிழர் ஒருவர் மீது ஆஸ்பத்திரியில் ஒரு பிழை ஏறினால் அது எங்கெங்கே போய் நிற்கும் என்று அந்நாளில் யாருக்குத் தெரியும்?

"நான்தாங்க" என்றார் அப்பா. "நல்லா அவிச்சுதான் போட்டேன். கொதிக்கக் கொதிக்க விட்டேன். புதுசு ரெண்ட மிச்சம் வச்சேன் டாக்டர். ரோடு அடைச்சுட்டா என்ன செய்றது."

டொக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரு புது மூடியைப் பிரித்து, சிரிஞ்சின் முனையால் அமுக்கி எடுத்தார். அடைப்பு துள்ளிக்கொண்டு மேலே வந்து வாயை மூடியது. பிறகு அவித்த மூடியை அமுக்கினார். அமுங்கியது அமுங்கியபடியே ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அந்தச் சரிவில் கறுப்பாக ஒரு பொட்டு, என் பழைய இரத்தம்.

"நீங்கள் கண்ணாடிக்குச் செய்ய வேண்டியதைப் பிழையில்லாமல் செய்திருக்கிறியள் ஐயா. இது கண்ணாடி இல்லை. கொதிச்ச உடன இதுக்குள்ள இருக்கிறது வளைஞ்சு போகும், பிறகு மூடாது. இடுக்கில நிண்ட ஈரத்தில கிருமி வளரும். அது வாய் திறந்தபடிதான் உங்கட மகளின்ர கையில இருந்திருக்கு."

அப்பா அந்த மூடியைக் கையில் வாங்கிப் பார்க்க விரும்பினார். டொக்டர் கொடுக்கவில்லை, அது சோதனைக்குப் போக வேண்டும். நீட்டிய கையை அப்பா மெல்ல மடக்கிக்கொண்டார்.

ஈரத்தில் வாழும் ஒரு கிருமி இரத்தத்தில் இருப்பதாக முடிவு வந்தது. அது வால்விலும் ஒட்டியிருந்தால் கொழும்புதான், கத்திதான். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுக்க முறை வரும்வரை காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு அப்பாவின் மேல் கடுங்கோபம் இருந்தது. எறியச் சொன்னதை எறிந்திருந்தால் என்ன? கலவரம் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த அடைத்த ரோட்டை ஏன் என் கைக்குள் கொண்டுவந்தார்? பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்கு, காலில் படும் அந்தக் கல்லை, பெற்ற தகப்பனே போட்டதுபோல் இருந்தது. அவர் கொண்டுவந்த தேத்தண்ணியை ஆறவிட்டேன்.

அவர் என் கட்டிலருகே வரவில்லை. வெளியே நடைபாதையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் வந்தவுடன் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பவர், இப்போது தேத்தண்ணிக் கோப்பையைக்கூட என் கையில் கொடுக்காமல் சின்ன மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வால்வில் அந்தக் கிருமி இல்லை. எக்கோ எடுத்த அன்று டொக்டர் அதைச் சொன்னபோது நான் அழுதேன். நடைபாதையில் இருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னது தாதி குமாரி மிஸ். சிங்களப் பெண், கடுகண்ணாவைப் பக்கத்தவர், தமிழைத் தன் பாட்டுக்கு உடைத்துப் பேசுவார். திரும்பி வந்து, "சீயா கும்பிடுறாங்க, என்னை" என்றார். சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா.

இரத்தம் சுத்தமானபின் மற்றக் கையில் புதுக் குழாய் வைத்தார்கள். ஆனால் இந்த முறை மருந்து வீட்டில் இல்லை. மிச்சமுள்ள கிழமைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார் டொக்டர். அப்பா தலையாட்டினார். தினமும் கூட வந்தார்.

அங்கே தொடங்கியது எனக்கு இன்னொரு சங்கடம். எங்கள் வீட்டில் அப்பாவின் வாயில் அடிக்கடி வருவது 'தவளை தன் வாயால் கெடும்' என்பதுதான். பஸ்ஸில், கச்சேரியில் (அரசாங்க அலுவலகம்), பொலிசில், எங்கும் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சிரித்த முகத்தோடு. அப்படித்தான் என்னை வளர்த்தார். அப்படி இருந்ததால்தான் பிழைத்தோம் என்றும் நம்பினார். அந்த மனிதர் இப்போது வார்டு வாசலில் நின்று, வருகிற தாதியரின் கையையே பார்த்தார். "மிஸ், தேய்ச்சீங்களா?" "மிஸ், காயட்டுங்க மிஸ்." ஒரு நாள் பெரிய டொக்டர் ஒருவரிடமே, "சார், கை" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

குமாரி மிஸ்ஸுக்கு அது வேடிக்கை. "சீயா வந்தாச்சு, எல்லாரும் கை கழுவுங்க" என்று அறிவிப்பார். மூடியைத் தேய்க்கும்போது அப்பாவுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி, "இங்க பாருங்க சீயா, தெஹி பிழியிற மாதிரி" என்பார். எலுமிச்சம்பழத்தைப் பிழியும்போது திருப்பித் திருப்பி அழுத்துவோமே, அப்படி. நீங்களும் அந்தத் தேய்ப்பையே எதிர்பாருங்கள். பஞ்சால் ஒரு தடவை தடவிவிட்டுப் போவது தேய்ப்பு இல்லை. கேட்பதற்கு வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

நான் அப்பாவிடம், "எல்லாரிட்டயும் இப்படிக் கேக்காதீங்க, கோவிச்சுக்குவாங்க" என்றேன்.

"கோவிச்சுக்கிட்டா என்ன, அடிக்கவா போறாங்க" என்றார். எழுபது வயதில் வாயைத் திறக்கப் பழகிய மனிதரிடம் என்ன சொல்வது?

சோதனைச் சாவடியில் நாங்கள் தினமும் நிற்பவர்கள்தான். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஒரு நாள் காலை வழக்கமான பெண் பொலிஸ் இல்லை, புதியவர். என் மேற்கையைத் தடவியவரின் விரல் கட்டின் மேல் பட்டதும் நின்றது. சட்டைக்குள், தோலோடு சேர்த்துக் கட்டிய ஏதோ ஒன்று. ஒரு தமிழ்ப் பெண்ணின் உடம்பில் அப்படி ஒன்று இருந்தால் அந்நாளில் என்ன நினைப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர் ஓரடி பின்வாங்கிச் சத்தம் போட்டார். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த சிப்பாய் துவக்கோடு (துப்பாக்கி) எழுந்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள்.

நான் ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினேன். சிங்களத்தில்தான் எழுதியிருந்தது. அவர் வாசித்தார். கொஞ்சம் மூச்சு விட்டார். ஆனாலும் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அது அவர் வேலை, அதில் நியாயம் இருந்தது. சட்டைக் கையை ஏற்றினேன். காலையிலிருந்து எத்தனையோ பேரின் பைகளையும், செருப்புகளையும், சாப்பாட்டுப் பார்சல்களையும் துழாவிய அந்த விரல்கள் மூடியை நோக்கி வந்தன. எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்றும் தெரியும். நாக்கு எழும்பவில்லை.

"அத ஹோதாகென எண்ட மிஸ்."

கையைக் கழுவிவிட்டு வாருங்கள் மிஸ். ஆண்கள் வரிசையிலிருந்து அப்பா.

பெண் பொலிஸின் கை அப்படியே நின்றது. சிப்பாய் நடந்து வந்து அப்பாவின் தோளைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்தார். அடையாள அட்டையைக் கேட்டார். பெயரைச் சத்தமாக வாசித்தார். பிறந்த ஊரை வாசித்தார். பொலிஸுக்குக் கை கழுவச் சொல்ல நீ யார் என்று கேட்டார்.

அப்பா சிப்பாயை நேரே பார்த்துப் பேசினார். அவர் சிங்களத்தில் சொன்னதை, மாத்தயா (ஐயா) என்பதைத் தவிர, நான் தமிழில் எழுதுகிறேன். "ஒரு தடவை நான் இந்தக் கையாலதான் அது வழியா மகளுக்கு விஷத்த ஏத்தினேன் மாத்தயா. தெரியாம செஞ்சேன். சாகப் பார்த்தா. இன்னொரு தடவை தாங்க மாட்டா. என்னைய என்ன வேணா செய்யுங்க. அவங்க கைய மட்டும் கழுவச் சொல்லுங்க."

அவர் அந்தக் குற்றத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டொக்டரிடம் 'நான்தாங்க' என்றதோடு சரி, என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது துவக்குக்கு முன்னால், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் சொன்னார். என் கோபம் அந்த இடத்திலேயே முடிந்தது. அதற்கு மேல் அவரை நான் எதைச் சொல்லித் தண்டிப்பது?

பெண் பொலிஸ் சிப்பாயைப் பார்த்தார். பிறகு சாவடிக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் இருந்த பக்கம் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டின் ஓரத்தை மட்டும் நகத்தால் தூக்கி, குழாயையும் மூடியையும் பார்த்தார். மூடியைத் தொடவில்லை. "வலிக்குதா?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். போகச் சொன்னார்.

அப்பாவின் அட்டையை அவர்கள் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது வாங்கிக்கொள் என்றார்கள். அட்டை இல்லாமல் டவுனுக்குள் நடப்பது எப்படிப்பட்டது என்பது அந்த வருடங்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வரைக்கும் சுவர் ஓரமாகவே நடந்தோம். வழியில் ஜீப் ஒன்று மெதுவாகப் போனபோது அப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு, "கட்டு அவுந்துருக்கு பாப்பா, என் கை பட வேணாம்" என்றார். பின்னேரம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கொஞ்சம் திட்டி.

மருந்து முடிந்தது. குழாயை எடுத்தார்கள். இழுக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு நீளம் எனக்குள் இருந்ததா என்று பார்த்து வியந்தேன். பாடசாலைக்குத் திரும்பினேன். பிள்ளைகள் நான் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தார்களாம். சிலருக்குக் கணக்குப் பாடம் மறுபடி வந்ததில் ஏமாற்றம்தான்.

குணமாகிவிட்டேன் என்று டொக்டர் சொன்னார். ஆனால் நோய்க்கு முன்னிருந்த உடம்பு எனக்குத் திரும்பவில்லை. முன்பு உடம்பு என்பது நான் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்த ஒன்று. இப்போது அதற்குக் கதவுகள் இருக்கின்றன, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிகிறது. குளிக்கும்போது குழாய் இருந்த கையை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். பல்லில் வலி வந்தால் முதலில் இதயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

காலமும் மாறியது. ஒரு கிழமை என்றால் முன்பு பாடத்திட்டம். இப்போது அது ஒரு மூடியின் ஆயுள். பயந்து பயந்து சேமித்து வைத்த நாட்களைவிட, கையில் இருந்த அந்த ஒரு நாளைச் சுத்தமாகக் கழிப்பதுதான் பெரிது என்று விளங்கியது. அது விளங்குவதற்கு எனக்கு ஒரு வால்வும் அப்பாவுக்கு ஒரு வாழ்நாள் பெருமையும் செலவாகின.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் டவுன் முழுக்கப் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வரிசையில் எல்லா வீடுகளும் கதவைச் சாத்தியிருந்தன. வெற்றி என்று வெடிப்பதா, வேறெதுவுமா என்று தெரியாமல் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு துள்ளியது. வடக்கில் எத்தனை பேர் என்று நினைத்தேன். சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பழுதான வால்வு என் காதுக்குள்ளேயே அடித்தது.

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, அந்தக் காய்ச்சலுக்குப் பின் முதல் தடவையாக, என் மணிக்கட்டை எடுத்துத் தன் விரல்களை நாடியில் வைத்தார்.

"சரியா இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"இரு, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

எண்ணி முடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வெளியே வெடித்துக்கொண்டே இருந்தது. அவர் கையை விடவில்லை, நானும் இழுக்கவில்லை.